நூறு மீட்டருக்குள்ள ஒரு பன்னிக்கொட்டகை

இந்தியப் பெருங்கடல்ல பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவுல மேட்டுப் பக்கம், இங்க எல்லாரும் 'லே ஓ'ன்னு சொல்ற மலைச்சரிவுல, பத்து இருபது பன்னி வச்சிருக்கிற குடும்பத்துக்கிட்ட போய் என்ன கஷ்டம்னு கேட்டா முதல்ல தீவன விலையைச் சொல்வாங்க, அப்புறம் நாத்தம்னு பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றதைச் சொல்வாங்க. ரெண்டும் நெசம். ஆனா நான் கண்ணால பார்த்த வரைக்கும் ஒரு சின்னப் பண்ணையை கடைசியில மூட வைக்கிறது மேரியில, அதான் ஊராட்சி ஆபீஸ்ல, சுவத்துல ஒட்டியிருக்கிற கலர் மேப்புதான். அந்த மேப்பு போடுறவங்க கையில உங்க கொட்டகையைப் பத்தி ஒரு பேப்பர் இருந்துச்சா இல்லையா, அதுதான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது. காரைக்கால், பாண்டிலேர்ந்து வந்து இங்க குடும்பம் நடத்துற நம்ம ஆளுங்க நிறைய பேர் இப்ப மேட்டுல நிலம் பார்க்கிறாங்க, சில பேர் கோழி ஆடு வைக்கலாமான்னு என்கிட்ட கேக்குறாங்க, அதனால எனக்குத் தெரிஞ்சதை முழுசா எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன்.

நான் காரைக்கால்ல பொறந்தவ. கல்யாணம் பண்ணிட்டு வந்தது கிழக்குப் பக்கம் மேட்டுல இருக்கிற ஒரு மல்பார் குடும்பத்துக்கு. 1848ல அடிமை முறை ஒழிஞ்சப்புறம் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணும்னு நம்ம கரையிலேர்ந்து கப்பல் கப்பலா கூட்டிட்டு வந்தாங்கல்ல, அந்த வம்சம். மாமாவுக்கு, அதான் என் மாமனாருக்கு, கோயில்ல பாடுற தமிழ் தெரியும், பேசுற தமிழ் கொஞ்சம்தான் வரும், மத்தபடி கிரியோல். கல்யாணம் ஆன புதுசுல வீட்டுக்குப் பின்னாடி பன்னி கத்துறதைக் கேட்டப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நம்ம ஊர்ல பன்னி வளர்க்கிறதுன்னா அதுக்குன்னு ஒரு சாதியை ஒதுக்கி, ஊருக்கு வெளிய தள்ளி, அவங்க தெருப் பேரையே வசவு மாதிரி சொல்லிட்டு இருந்ததைப் பார்த்து வளர்ந்தவ நான். இங்க தீமிதிக்கு 18 நாள் கரேம், அதான் விரதம், இருந்து, மஞ்சத்துணி கட்டி, நெருப்பு இறங்குற அதே குடும்பம் மத்த நாள்ல பன்னி வளர்க்குது, பூகானேன்னு புகைபோட்ட பன்னிக்கறி சமைக்குது, யாரும் யாரையும் கீழ பார்க்கல. அந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தத் தொழில் இங்க நிக்கணும்னு நான் நினைக்கிறேன், அதை மறைக்க வேண்டியதில்ல.

பழைய காலத்துல கரும்புல பங்குக்கு உழைக்கிறவங்க வீட்டுக் கொல்லையில ரெண்டு பன்னி இருக்கிறது சாதாரணம். சமையக்கட்டு மிச்சம், கரும்புச் சக்கை, வாழைத்தண்டு, சேம்பங்கிழங்கு இதைத் தின்னு வளரும், சாணம் நிலத்துக்குப் போகும், வருஷக் கடைசியில அடிச்சா அக்கம்பக்கம் எல்லாருக்கும் பங்கு. அந்த நிலைமையிலேர்ந்து மாமா கொஞ்சம் பெருசாக்கி அஞ்சு தாய்ப்பன்னி, ஒரு கிடா, அதுங்க குட்டின்னு வச்சிருக்கார். தாய்ப்பன்னிக்கு சினை மூணு மாசம் மூணு வாரம் மூணு நாள், அதைக் காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருப்பார், அந்த ராத்திரி யாரும் அவரைச் சாப்பிடக் கூப்பிட முடியாது.

இப்ப கணக்குக்கு வரேன், ஏன்னா இதுலதான் எல்லாரும் குழம்புறாங்க. பிரான்ஸ் சட்டம் பன்னியைத் தலை எண்ணிக்கையா பார்க்கிறதில்ல, 'விலங்கு-சமம்'னு ஒரு அளவு வச்சிருக்கு. 30 கிலோவுக்கு மேல கொழுக்க வைக்கிற பன்னி 1. தாய்ப்பன்னியும் கிடாவும் தலைக்கு 3. பால் மறந்த, 30 கிலோ ஆகாத குட்டி 0.2. எங்க வீட்டுக் கணக்கு: அஞ்சு தாய்க்கு 15, கிடாவுக்கு 3, கொழுக்கிற பன்னி 20, குட்டி 20 இருந்தா அதுக்கு 4, ஆக 42. 50க்குக் கீழ இருக்கிற வரைக்கும் நீங்க மாவட்ட சுகாதார விதிக்குள்ள வர்றீங்க. 50ஐத் தொட்டுட்டா 'வகைப்படுத்தப்பட்ட நிறுவனம்'ங்கிற வேற உலகத்துக்குப் போயிடுவீங்க, அங்க 450 வரைக்கும் டிக்லரேஷன் போதும், அதுக்கு மேல பதிவு, இன்னும் மேல போனா முழு அனுமதி, ஆய்வு, எல்லாம்.

தூரத்துக்கும் இதே மாதிரி கணக்கு. பிரான்ஸ் முழுக்க அடிப்படையா இருக்கிற சுகாதார விதிப்படி, கொட்டகை கிணறு, ஊத்து, ஓடைக்கு 35 மீட்டர் தள்ளி இருக்கணும். அடுத்தவங்க வீட்டுக்கும், சனங்க கூடுற கட்டடத்துக்கும், சாணமும் மூத்திரமும் ஒண்ணா கலந்து குழியில தேங்குற கொட்டகைன்னா 100 மீட்டர். வைக்கோல் மாதிரி படுக்கை போட்டு உலர் எருவா எடுக்கிற கொட்டகைன்னா 50 மீட்டர். சொந்த வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் ஒண்ணு ரெண்டு வளர்க்கிறவங்களுக்கு இந்த 50 மீட்டர் பொருந்தாது. 50 விலங்கு-சமத்தைத் தாண்டின பண்ணைக்கு புதுக் கட்டடம்னா 100 மீட்டர்தான், படுக்கை போட்டாலும் பன்னிக்கு சலுகை கிடையாது.

நூறு மீட்டர்னா சமவெளியில ஒண்ணும் பெருசில்ல. இங்க மேட்டுல நிலம் பட்டை பட்டையா, ரெண்டு பள்ளத்தாக்குக்கு நடுவுல ஒடுக்கமா, ரோட்டுலேர்ந்து மேல நீளமா போகும். அகலம் நாப்பது அம்பது மீட்டர்தான். இப்படிப்பட்ட நிலத்துல பக்கவாட்டுல நூறு மீட்டர் தள்ளணும்னா அடுத்தவன் நிலத்துலதான் கட்டணும். இந்தத் தீவே 2,512 சதுர கிலோமீட்டர், அதுல நாப்பது சதவீதத்துக்கு மேல 2007ல தேசியப் பூங்காவா அறிவிச்ச இடம், எரிமலை ஒரு பக்கம், விவசாய நிலம் மொத்தமே நாப்பதாயிரம் ஹெக்டேருக்குள்ள, அதுல பாதிக்கு மேல கரும்பு. சுமார் 9 லட்சம் பேருக்கு வீடு வேணும். இதுல பன்னிக்கு எவ்வளவு இடம் மிஞ்சும்னு நீங்களே பார்த்துக்கலாம்.

ஆனா இதே நூறு மீட்டர் நமக்கும் சாதகமா வேலை செய்யும், இதைத்தான் மாமா வயசுக்காரங்க யாரும் கேள்விப்பட்டதே இல்ல. 1999ல வந்த விவசாயச் சட்டம் கிராமப்புறச் சட்டத்தொகுப்புல எல்111-3னு ஒரு பிரிவைச் சேர்த்துச்சு. கொட்டகை வீட்டுக்கு எவ்வளவு தள்ளி இருக்கணுமோ, அதே அளவு புதுசா கட்டுற வீடும் கொட்டகைக்குத் தள்ளி இருக்கணும். பரஸ்பரம். அதாவது உங்க கொட்டகையைச் சுத்தி ஒரு வட்டம் இருக்கு, அதுக்குள்ள புது வீட்டுக்கு பெர்மிட் கொடுக்கிறதுக்கு முன்னாடி மேரி யோசிக்கணும், குறைஞ்ச தூரத்துக்கு விதிவிலக்கு கொடுக்கணும்னா விவசாயச் சேம்பர் கருத்தைக் கேக்கணும். நல்ல சட்டம். ஆனா கொட்டகை இருக்குன்னு யாருக்கும் தெரியலைன்னா வட்டத்தை யார் போடுறது? எங்க சரிவுல மூணு குடும்பம் இதுலதான் மாட்டுச்சு. முப்பது வருஷமா பன்னி வச்சிருந்தவங்க, எந்தப் பதிவும் இல்ல, கீழ்ப் பட்டையில புது வீடு வந்துச்சு, வீட்டுக்காரர் வந்து குடியேறின முதல் வெயில் காலத்துல புகார் கொடுத்தார், ஆய்வுக்கு வந்தவங்க பார்த்தது விதிப்படி தூரம் இல்லாத, பதிவும் இல்லாத ஒரு கொட்டகையை. அந்த வீட்டுக்காரரையும் நான் குறை சொல்ல மாட்டேன், அவரோட நோட்டேர், அதான் சொத்துப் பத்திரம் எழுதுறவர், காட்டின பேப்பர்ல பக்கத்துல பன்னி இருக்குன்னு ஒரு வரி இல்ல.

கிராமத்துச் சத்தத்தையும் வாசனையையும் காப்பாத்த பிரான்ஸ்ல சட்டம் இருக்குன்னு பெருமையா சொல்வாங்க. ஒலெரோன் தீவுல மோரிஸ்னு ஒரு சேவல் கூவுனதுக்கு கேஸ் போட்டு 2019ல சேவல் பக்கம் தீர்ப்பாச்சு, அப்புறம் 2021 ஜனவரியில சத்தமும் வாசனையும் கிராமத்துச் சொத்துன்னு ஒரு சட்டம், 2024 ஏப்ரல்ல சிவில் சட்டத்துலயே 1253ன்னு ஒரு பிரிவு: முன்னாடியே இருக்கிற தொழிலுக்குப் பக்கத்துல பின்னாடி வந்து குடியேறினவங்க தொந்தரவுன்னு நஷ்டஈடு கேக்க முடியாது. எங்க ஆளுங்க இதைக் கேட்டதும் நமக்கு ஆபத்தில்லன்னு நிம்மதியாயிடுறாங்க. ஆனா அந்தப் பிரிவுக்குள்ளயே நிபந்தனை இருக்கு, அந்தத் தொழில் சட்டம் விதிகளுக்கு உட்பட்டு நடக்கணும். பதிவு இல்லாதவங்களுக்கு அந்தக் கதவு திறக்காது. முதல்ல வந்தவன்ங்கிறது மட்டும் பத்தாது.

பதிவுன்னு நான் சொல்றதுல முதல் படி ரொம்ப சின்னது. 2018 நவம்பர்லேர்ந்து ஒரே ஒரு பன்னி வச்சிருந்தாலும், கறிக்கு இல்லாம ஆசைக்கு வளர்த்தாலும், டிக்லேர் பண்ணி நம்பர் வாங்கணும், இங்க அதை விவசாயச் சேம்பர்ல இருக்கிற கால்நடைப் பிரிவு பார்க்குது. நிறைய பேர் இதை வரி போடுறதுக்கான வலைன்னு நினைச்சுப் பயப்படுறாங்க. காரணம் வேற, ஆப்பிரிக்கன் பன்னிக்காய்ச்சல். மடகாஸ்கர்ல 1997-98ல வந்து பன்னிக் கூட்டம் கூட்டமா போச்சு. பக்கத்துல மொரீஷியஸ்ல 2007ல வந்துச்சு, அங்க சின்னச் சின்னப் பண்ணைக்காரங்க தங்களோட பன்னி மொத்தத்தையும் கொல்ல வேண்டியதாச்சு. அதுக்கு மருந்து கிடையாது, கறியில, உப்புக்கண்டத்துல மாசக்கணக்கா அந்தக் கிருமி உயிரோட இருக்கும். ஒருத்தர் பையில மறைச்சுக் கொண்டுவர்ற சாசேஜ் துண்டு குப்பையில விழுந்து, அது ஒரு கொல்லைப் பன்னி வாயில போனா போதும், இந்தத் தீவே காலி. அப்படி ஒண்ணு நடந்தா எந்த வீட்டுல பன்னி இருக்குன்னு தெரியாம எப்படித் தடுக்கிறது?

சமையக்கட்டு மிச்சத்தைப் பன்னிக்குப் போடக்கூடாதுன்னு ஐரோப்பிய விதி இருக்கிறதும் இதனாலதான். 2001ல இங்கிலாந்துல கோமாரி நோய் வந்து லட்சக்கணக்குல ஆடு மாடு பன்னியைக் கொன்னாங்களே, அது ஒரு பன்னிப் பண்ணையில ஓட்டல் எச்சில் மிச்சத்தைச் சரியா வேகவைக்காம போட்டதுலேர்ந்து கிளம்புனதுன்னுதான் விசாரணையில தெரிஞ்சுது. அத்தைக்கு இது மட்டும் இன்னும் ஒத்துக்கல. "சோத்தைக் குப்பையில கொட்டுறது பாவம்டி"ன்னு சொல்லுவாங்க. அவங்க மனசு எனக்குப் புரியுது, ஆனா இந்த இடத்துல விதி பக்கம்தான் நான் நிப்பேன். மிச்சச் சோறு கம்போஸ்ட்டுக்குப் போகட்டும். பன்னிக்கு வேணும்னா கொல்லையில வெட்டுற கிழங்கு, வாழை, இலை தழை எல்லாம் சமையக்கட்டுக்குள்ள போகாம நேரா போட்டா தடையில்ல. மிச்சத்துக்கு மூட்டைத் தீவனம்தான், அதுக்கான மக்காச்சோளமும் சோயாவும் கப்பல்ல லெ போர் துறைமுகத்துக்கு வருது, கப்பல் வாடகை ஏறினா நம்ம கொட்டகையில தெரியும்.

2025 பிப்ரவரி 28ந்தேதி கராஞ்ஸ் புயல். அதுக்கு முந்தின வருஷம் ஜனவரியில பெலால் வந்தப்ப எங்க பக்கம் தகரம் நாலு பறந்ததோட போச்சு, கராஞ்ஸ் அப்படி விடல. காத்து கொஞ்சம் அடங்குனதும் மாமாவும் இவரும் ஓடுனாங்க. கொழுக்கிற பன்னி இருந்த கொட்டகை கூரை முழுசா போய், மேச்சுவர் இடிஞ்சு உள்ள கிடந்துச்சு. தாய்ப்பன்னிக்குன்னு பக்கத்துல ஒட்டி இழுத்திருந்த கொட்டகை தரைமட்டம். பன்னிங்க புத்தியா கரும்புக்குள்ள போய் ஒண்ணு மேல ஒண்ணு படுத்திருந்துச்சு, ரெண்டு குட்டி மட்டும் செத்துச்சு.

மறுபடி கட்டப் போனப்பதான் பேப்பரோட அருமை தெரிஞ்சுது. பெரிய கொட்டகைக்கு தொண்ணூறுகள்ல வாங்கின பெர்மிட்டு மாமா டிரங்குப் பெட்டியில பிளாஸ்டிக் உறைக்குள்ள இருந்துச்சு. நகரமைப்புச் சட்டத்துல எல்111-15னு ஒரு பிரிவு, முறையா கட்டின கட்டடம் அழிஞ்சா பத்து வருஷத்துக்குள்ள அதே மாதிரி திரும்பக் கட்டிக்கலாம், இடையில விதி மாறியிருந்தாலும் சரி. அது பாட்டுக்கு நடந்துச்சு. ஒட்டி இழுத்த கொட்டகைக்கு பெர்மிட்டே கிடையாது. பத்து வருஷத்துக்கு மேல ஆச்சே, இனிமே யாரும் கேக்க முடியாதேன்னு ஊர்ல எல்லாரும் சொன்னாங்க. அதுவும் அரைகுறை உண்மை, பத்து வருஷம் ஆனா பழைய குறையைக் காட்டி புது அனுமதியை மறுக்கக்கூடாதுன்னு பிரிவு இருக்கு, ஆனா பெர்மிட்டே வாங்காம கட்டினதுக்கு அந்தச் சலுகை இல்ல. ஒரே கொட்டகை, ஒரே புயல், இந்தப் பாதிக்கு ஒரு சட்டம், அந்தப் பாதிக்கு ஒரு சட்டம்.

மேரி கவுண்டர்ல கேட்டா "அந்தப் பக்கம் இனிமே விலங்கு வைக்க விடமாட்டாங்க, மேப்பு மாறப் போகுது"ன்னு வாயால சொல்லி அனுப்பிட்டாங்க. இங்க யாருக்கும் நான் சொல்றது, கவுண்டர்ல வாயால சொல்றதை பதிலா எடுத்துக்காதீங்க. நகரமைப்புச் சான்றிதழ்னு ஒண்ணு இருக்கு, இன்ன நிலத்துல இன்ன வேலை செய்யலாமான்னு எழுத்துல கேக்கிற வகை. காசு கிடையாது. ரெண்டு மாசத்துல பதில் கொடுக்கணும். சாதகமா வந்தா அந்தத் தேதியில இருக்கிற விதி 18 மாசத்துக்கு உங்களுக்காக நிக்கும், நடுவுல மேப்பு மாறினாலும். நாங்க அதைத்தான் போட்டோம், படம், நிலப்பட நம்பர், பன்னிக் கணக்கு, கால்நடை நம்பர் எல்லாம் இணைச்சு. விவசாயிங்கிற அந்தஸ்து மாமாவுக்கு கரும்புல இருந்ததால தப்பிச்சோம். விவசாய மண்டலத்துல பண்ணைக்குத் தேவையான கட்டடம்னா மட்டும்தான் விடுவாங்க, நீங்க விவசாயின்னு பதிவாகலைன்னா உங்களுக்கு ஏது பண்ணை, ஏது தேவைன்னு கேள்வி வரும். பதிவாகணும்னா கொஞ்சமாவது தொழில் அளவு காட்டணும், அளவு காட்டணும்னா கொட்டகை வேணும். நாலு பன்னியிலேர்ந்து ஆரம்பிக்க நினைக்கிற பசங்க இந்த இடத்துலதான் சோர்ந்து போயிடுறாங்க. இதை நான் அநியாயம்னே சொல்லுவேன்.

இன்னொரு முட்டுக்கட்டை பிரிக்காத சொத்து. தாத்தா பேர்லயே நிலம் கிடக்கும், பங்காளிங்க பாதி பேர் பாரிஸ், லியோன்னு இருப்பாங்க, கையெழுத்துக்கு ஆள் கிடைக்காது. கடல்கடந்த பகுதிகளுக்குன்னு 2018 டிசம்பர்ல வந்த லெச்சிமி சட்டத்துல, சாவு நடந்து பத்து வருஷம் தாண்டியிருந்தா பாதிக்கு மேல பங்கு வச்சிருக்கிறவங்க சேர்ந்து நோட்டேர் வழியா பாகம் பிரிக்கவோ விக்கவோ முடியும். எங்க வீட்டுல அது முன்னாடியே முடிஞ்சிருந்துச்சு. முடியாதவங்க இப்பவே ஆரம்பிங்க.

இப்ப மேப்பு கதை. கொம்யூனோட, அதான் ஊராட்சியோட, நில உபயோகத் திட்டம், எல்லாரும் பே-எல்-யூன்னு சொல்றது, நிலத்தை நாலு எழுத்தாப் பிரிக்கும்: யூ ஏற்கெனவே ஊர், ஆ-யூ இனிமே ஊராகப் போறது, ஆ விவசாயம், என் இயற்கை. புதுத் திருத்தத்துல எங்க நிலத்துக்குக் கீழ இருந்த கரும்பு நிலத்தை ஆ-யூவா மாத்தியிருந்தாங்க. அங்க வீடு வந்தா எங்க கொட்டகைக்கு 60, 70 மீட்டர். விவசாய நிலத்தைக் குறைக்கிற திட்டத்துக்கு இங்க ஒரு கமிஷனோட சம்மதம் கட்டாயம், பிரான்ஸ் மெயின்லேண்டுல வெறும் கருத்தா இருக்கிற விஷயம்கூட கடல்கடந்த பகுதிகள்ல கட்டுப்படுத்தும். ஆனா அந்தக் கமிஷனும் பேப்பர்ல இருக்கிறதைத்தான் பார்க்கும்.

இதுக்கு மேல கோயில். எங்க நிலத்துக்குக் கிழக்கால ஒரு காளியம்மன் கோயில், தோட்டக் காலத்துல கரும்பாலை ஆளுங்க கட்டினது. கமிட்டிக்காரங்க அன்னதானத்துக்கு ஒரு மண்டபம் கட்ட ஆசைப்படுறாங்க. அளந்தா கொட்டகையிலேர்ந்து 70 மீட்டர். சனங்க கூடுற கட்டடம், அதனால எங்க நூறு மீட்டர் வட்டம் அவங்களைத் தடுக்குது. பன்னிக்கொட்டகையால கோயில் மண்டபம் நிக்குதுன்னு பேச்சு வந்தா என்ன ஆகும்னு நினைச்சு எனக்கு ராத்திரி தூக்கம் வரல. குருக்கள் நாகப்பட்டினம் பக்கத்துக்காரர், என்கூடத் தமிழ்ல பேசுவார். போய்ச் சொன்னேன், "சாமி, நாங்க கோயிலுக்கு எதிரா இல்ல, ஆனா கொட்டகையை எடுக்கச் சொன்னா மாமா பொழப்பு போயிடும்." அவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "ஏம்மா, தீமிதிக்கு வேப்பிலை வெட்டுறதுலேர்ந்து பந்தல் போடுறது வரைக்கும் உங்க மாமாதானே நிக்கிறாரு. நாத்தத்துக்கு என்ன வழின்னு பாருங்க, மத்ததை நான் கமிட்டியில பேசுறேன்"னாரு.

நாத்தத்துக்கு வழி சட்டத்துலயே இருந்துச்சு, அந்த 50 மீட்டர். பன்னி மூத்திரத்துல யூரியா இருக்கு, சாணத்துல இருக்கிற நொதி அதோட சேர்ந்தா அமோனியாவா மாறும், குழியில காத்துப் படாம தேங்குனா அழுகி அந்தக் குடலைப் புரட்டுற நாத்தம் கிளம்பும். குழியைக் கலக்குறப்ப வர்ற வாயு ஆளையே சாய்ச்சிடும், மூடின குழிப் பக்கம் தனியா யாரும் போகக்கூடாது. அதே சாணம் காஞ்ச தழையில உறிஞ்சி, நடுவுல காத்துப் போனா, எருவாத்தான் மாறும், மண் வாசனை மாதிரி ஒண்ணுதான் வரும். கரும்புச் சக்கை கிடைச்சா நல்லது, ஆனா இங்க அதெல்லாம் புவா-ரூஜ், லெ கோல் மின்நிலையத்துக்கு எரிக்கப் போயிடுது. கரும்புச் சோகை கிடைக்கும். ஜூலைலேர்ந்து டிசம்பர் வரைக்கும் வெட்டு, அப்ப காஞ்ச சோகையைக் கட்டி பரண்ல ஏத்திடணும், மழையில நனைஞ்சா பூஞ்சை பிடிச்சு பன்னிக்கு இருமல் வரும்.

புதுசா கட்டினப்ப தரையை லேசா சரிவா போட்டு, ஒரு முழம் உயரத்துக்கு சோகை பரப்புனோம். பன்னி சுத்தமான மிருகம், இதை நம்ம ஊர்ல சொன்னா நம்ப மாட்டாங்க. படுக்கிற மூலை வேற, கழிக்கிற மூலை வேறன்னு அதுவே பிரிச்சுக்கும், தண்ணித் தொட்டியை எந்தப் பக்கம் வைக்கிறோமோ அந்த ஈர மூலையைத்தான் கழிக்க எடுத்துக்கும். அந்த மூலைக்கு மட்டும் தினம் ரெண்டு கட்டு சோகை மேல போட்டா போதும். மூக்கால கிளறிக் கிளறி அதுவே காத்தோட்டம் கொடுத்துக்குது. எடுத்த எருவைக் குவிச்சா உள்ள கை வைக்க முடியாத சூடு, ஆறினப்புறம் மஞ்சள் பாத்திக்கும் கரும்புக்கும் போகுது. கரேம் நாள்ல எரு கிளறுறதில்லன்னு கோயிலோட பேசி வச்சிருக்கோம்.

பொது விசாரணை நடந்தது மேரியோட ஒரு சின்ன ரூம்ல. நிர்வாகக் கோர்ட்டு நியமிச்ச கொமிசேர், அதான் விசாரணை நடத்துறவர், ரிட்டையர் ஆனவர், முன்னாடி பெரிய மேப்பு, பக்கத்துல பக்கம் எண் போட்ட ஒரு ரிஜிஸ்டர். குறைஞ்சது 30 நாள் அந்த ரிஜிஸ்டர் திறந்திருக்கணும், யார் வேணும்னாலும் எழுதலாம், மெயில்லயும் அனுப்பலாம். வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தவங்க கிட்டத்தட்ட எல்லாரும் தன் நிலத்தை வீட்டுமனையா மாத்தித் தரச் சொல்லி வந்தவங்க. பண்ணைக்காரங்கன்னு நாங்கதான். மாமா தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு நின்னார், நான் பேப்பரை வரிசையா வச்சேன்: தொண்ணூறுகளோட பெர்மிட்டு, கால்நடை நம்பர், விலங்கு-சமம் 42ன்னு கணக்கு, படுக்கை முறைக்கு மாறினதுக்கு போட்டோ, நிலப்படத்துல ஸ்கேல் வச்சுப் போட்ட 50 மீட்டர் வட்டம். கடைசியா கோயில் கமிட்டி கொடுத்த கடுதாசி, மண்டபத்தையும் கொட்டகையையும் ரெண்டையும் விட்டுவைக்கணும்னு. கொமிசேர் அதை ரெண்டு தடவை படிச்சார். மேப்புல விரலை வச்சு, "இங்க கொட்டகை இருக்கிறதா எனக்குக் கொடுத்த ஃபைல்ல எங்கயும் இல்லையே"ன்னு சொன்னார். மாமா கிரியோல்ல, "எங்கப்பா காலத்துலேர்ந்து இருக்கு"ன்னார். கொமிசேர் பென்சிலால ஒரு சின்னச் சதுரம் போட்டார்.

அறிக்கையில அந்தக் கீழ் நிலத்துல கொட்டகைப் பக்கம் இருக்கிற பட்டையை விவசாயமாவே வைக்கச் சொல்லி எழுதியிருந்தார், கவுன்சில் அதை ஏத்துக்கிச்சு, மீதி வீட்டுக்குப் போகுது. அது நியாயம்தான், சனங்களுக்கும் வீடு வேணும். மண்டபம் 70 மீட்டர்ல இருக்கு, எங்க வட்டம் இப்ப 50, அதனால அவங்க பெர்மிட்டும் போகுது.

ஆனா மாமாவுக்கு இப்ப இன்னும் ரெண்டு தாய்ப்பன்னி வேணும். தாய்க்கு ஆறு சேர்ந்தா 48, அதுங்க குட்டி கொழுக்க ஆரம்பிச்சா 50ஐத் தாண்டிடும், தாண்டினா திரும்ப 100 மீட்டர், அப்ப மண்டபம் வட்டத்துக்குள்ள. இந்தக் கொட்டகையில வேணாம்னு நான் சொன்னதுக்கு அவர் கோபப்படல. "அப்ப மேல் நிலத்துல கட்டுவோம், நீ அளந்து பாரு"ன்னு சொல்லிட்டார். மேல எங்க பக்கம் வீடு எதுவும் நூறு மீட்டருக்குள்ள இல்ல, பள்ளத்தாக்கு ஓடைதான் கிட்ட வருது, 35 மீட்டர் விட்டா மிஞ்சுற இடம் ஒடுக்கம், ட்ராக்டர் திரும்புமான்னு இவர் சந்தேகப்படுறார். போன வாரம் டேப் பிடிச்சு ஓடைக் கரையிலேர்ந்து குச்சி நட்டிருக்கோம். சான்றிதழுக்கான விண்ணப்பம் பாதி எழுதியாச்சு, படம் மட்டும் பாக்கி.